ஆடு தின்ற சொல்

கால் கிலோ கோதுமை மா அந்த மாதம்
ஒரு வீட்டின் இராச் சாப்பாடு.
நகுலா அதைப் பசையாகக் காய்ச்சினாள்.
தம்பி சட்டியை எட்டிப் பார்த்தான்,
"கூழோ அக்கா?" என்றான்.
அவள் அகப்பையை நக்கக் கொடுத்தாள்.

பசைக்குத் துருசு போடவேணும்,
போட்டால் ஆடுமாடு வாய் வைக்காது.
துருசு எந்தக் கடையிலும் இல்லை.

கடதாசியும் இல்லை. பள்ளிக்கூட அலுமாரியில்
பழைய வினாத்தாள் கட்டு ஒன்று கிடந்தது,
கணிதம், பகுதி இரண்டு.
பின்பக்கத்தில் அச்சடித்தோம், தாளுக்கு ஒரு சொல்:
இந்த
மண்
விற்பனைக்கு
அல்ல.
ஒன்றன்கீழ் ஒன்றாய் ஆடியபாதம் வீதி முடக்கு மதிலில்
ஊரடங்குக்குள் ஒட்டினோம்.
நான் வாளி பிடித்தேன்.
ஈரத்தில் எழுத்துக்குப் பின்னால்
இரண்டு குழாய்கள் ஒரு தொட்டியை
எத்தனை மணியில் நிரப்பும் என்ற கேள்வி
தலைகீழாய்த் தெரிந்தது.

விடியச் சுற்றிவளைப்பு.
மதிலடியில் எங்களை இருத்தினார்கள்.
அதிகாரி தடியால் மூன்று தாளையும் தட்டி
என்ன எழுதியிருக்கு என்று கேட்டான்.
மூன்றுதான். நாலாவது தாளைச்
சதாசிவத்தின் மறியாடு
விடியமுன் தின்று முடித்திருந்தது.

மொழிபெயர்ப்பாளன் வாசித்தான்.
அவன் தமிழ் எங்கள் தமிழ் இல்லை,
எண்டாலும் தமிழ்தான்.
மதிலைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்,
தாடை ஒருக்கால் இறுகியது.
உள்ளதை உள்ளபடி சொன்னான்.

"என்ன விலையாம்?"
அதிகாரி உண்மையாகவே கேட்டான்.

தபால்காரப் பொன்னுத்துரைக்குச்
சிரிப்பை அடக்கத் தெரியாது.
அவரை மட்டும் ட்ரக்கில் ஏற்றினார்கள்.
பதினொரு நாள்.
திரும்பி வந்தபின் கடிதங்களை
இடக்கையால் நீட்டினார்.

எங்களுக்குச் சிரட்டை தந்து சுரண்டச் சொன்னார்கள்.
நான் ஒட்டியதை நானே சுரண்டினேன்,
நகத்துக்குள் மா ஏறியது.
இந்த போனது. மண் போனது.
விற்பனைக்கு இலேசில் போகவில்லை,
பசை அதில் தடிப்பு.
அல்ல மாத்திரம் எவர் கைக்கும் வரவில்லை.
வேலியோரம் மறியாடு
கண்ணை அரைவாசி மூடி
அதை அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மற்ற நாள் இரவு
நகுலா திரும்ப மா அளந்தாள்.
தம்பி ஒன்றும் கேட்கவில்லை,
அகப்பைக்காகக் காத்திருந்தான்.
நான் வாளியோடு
ஒரு ஸ்டூலும் எடுத்துக்கொண்டேன்.