ரசீது இலக்கம் 417

படுவான்கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர்
தலைக்கவசத்தை எங்கள் கதிரையில் இருத்திவிட்டு
தான் நின்றார்.
வண்ணக்கரின் மருமகன். பகலில் கூட்டுறவு வங்கியில் வேலை.
சடங்குக்கு இன்னும் பன்னிரண்டு நாள் என்றார்.
ரசீதுப் புத்தகத்தின் கார்பன் தாளை
நகத்தால் சரிசெய்தபடி,
"பிள்ளைக்கு என்ன குடி?"

நான் சுவரைப் பார்த்தேன்.
சுவரில் மெதடிஸ்த சபையின் கலண்டர்.
மே மாதத்துக்கு ஓர் ஆட்டுக்குட்டி.
"இது சேர்ச் வீடு" என்றேன்.
"என்ர வரியை நான் காரைதீவில கட்டுறன்."
அது உண்மை.
போன வருடம் கட்டவில்லை, அதுவும் உண்மை.

குசினிக்குள் சுகிர்தமலர்,
மணலை மீனின் செதிள் முழங்கை வரை மினுங்க,
திரும்பாமலே சொன்னாள்:
"பணிக்கனார் குடி."

பதினொரு வருடம்.
அவளுடைய இரத்த வகை எனக்குத் தெரியும்.
வங்கி அட்டையின் இரகசிய இலக்கம் தெரியும்.
தூக்கத்தில் எந்த ஞானப்பாட்டின் எந்த அடியை
முணுமுணுப்பாள் என்றும் தெரியும்.
இது தெரியாது.
நாலு தலைமுறை ஞானஸ்நானத்தில்
தலையில் எத்தனை கை தண்ணீர் விழுந்தும்
கழுவுப்படாமல்
இதை எங்கே வைத்திருந்தார்கள்?

"அம்மா சொன்னவ" என்றாள்.
"கலியாணத்துக்கு முதல்நாள்,
நகைக் கணக்கோட சேர்த்து."

கடலுக்கு மூன்று தெரு தள்ளி இந்தக் கல்லடி வீடு.
சீதன வீடு. உறுதி அவள் பெயரில்.
நான் இரண்டு சூட்கேசோடு வந்தவன்.

கந்தோரில் நௌபர் காக்காவுக்குச் சொன்னேன்.
சிரித்தார்.
"எங்கட பள்ளியிலயும் அதுதான்.
உம்மா என்ன குடியோ நான் அந்தக் குடி.
வாப்பா வந்து சேந்தவர்."
பிறகு கோப்பை மூடிவிட்டுக் கேட்டார்:
"மகன் மலேசியாவில முடிச்சிட்டான்.
மருமகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்ல.
பேரனுக்கு என்னெண்டு எழுதுற?"

இரவில் கெசியா,
"அப்ப நீங்க என்ன குடி?"
சொன்னேன்.
"நான் உங்கட குடி இல்லையா?"
"இல்லை மகள்."
"ஒண்டும் இல்லையா?"
"என்ர இனிஷல் இருக்கு. மூக்கும் இருக்கு."
அது அவளுக்குப் போதவில்லை.
ஞாயிறுப் பாடசாலைக்கு அவள் மனனம் செய்வது
தகப்பன் பெயர்களாலேயே ஆன ஒரு நீண்ட வரிசை.
அதற்குள் இதை எங்கே செருகுவது என்று
விரல்களில் எண்ணியபடி தூங்கிப்போனாள்.

சடங்கன்று சுகிர்தமலர் வரவில்லை.
கோபம் ஒன்றுமில்லை,
அன்றைக்கு மகளிர் ஐக்கியக் கூட்டம்.
ஆனால் பிள்ளைக்கு மஞ்சள் சட்டை எடுத்து வைத்தது அவள்தான்.
மூன்று நாளாக வீட்டில் மீன் காய்ச்சாததும் அவள்தான்.
ஏனென்று நான் கேட்கவில்லை.

வாவியைக் கடந்து நாங்கள் போய்ச் சேர
குரவை எழுந்து அடங்கியது.
வேப்பிலையும் ஈர மணலும் மணத்தன.
ஒலிபெருக்கியில் குடி கூறத் தொடங்கினார்கள்.
ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆண்
சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முன்னே போனான்.

பணிக்கனார் குடி.

எவரும் எழும்ப முன்
என் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது,
பள்ளிக்கூட இடாப்புக்கு உயர்வது போல.
"பிரசன்ட்."

சிலர் சிரித்தார்கள்.
"ஆர்ர புள்ளகா இது?" என்றாள் ஒருத்தி.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
அதற்குப் பதில் நானல்ல.
பதில், வாவிக்கு அந்தப் பக்கம்,
தேநீரும் ஜெபமும் முடிந்த மண்டபத்தில்
பிளாஸ்டிக் கதிரைகளை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.