வரவு வைக்க வேண்டிய தொகை

ஒத்தக்கடை ஹைகோர்ட் வாசலில்
கோப்புக் கட்டோடு நிற்பது பதினோராவது தடவை.
கப்பலூர் ரப்பர் வாஷர் கம்பெனி
கூடுதலாகக் கட்டிய வருமான வரி
நாற்பத்தொரு லட்சத்துச் சொச்சம்.

பத்து தடவையும்
அரசு வக்கீல் அவகாசம் கேட்டார்.
எதிரே யானைமலை எழுந்திருக்கவேயில்லை.
யானை வாயில் போன கரும்பு, என்பார்
எங்கள் வக்கீல் துளசிராம், வடையைப் பிட்டபடி.

இன்று கக்கிவிட்டது.
வட்டியோடு.

லட்டு வாங்கிவரச் சொல்லி முதலாளி போன்.

அந்த வருஷம்
வரி போக மிச்சமில்லை, போனஸ் கிடையாதென்று
நோட்டீஸ் ஒட்டியவன் நான்.
எழுத்துக்கூட்டிப் படித்த
மோல்டிங் பிரிவு ஒச்சம்மாள்,
"கவர்மெண்டே எடுத்துக்கிட்டா நீங்க என்ன சார் செய்வீங்க?" என்று
எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள்.

அவள் மனுப்போடக்
காலக்கெடு முடிந்துவிட்டதா என
துளசிராமிடம் கேட்க வாயெடுத்து,
லட்டு எத்தனை கிலோ வாங்கலாம் என்று கேட்டேன்.