எஃப் எட்டு

வேளச்சேரி. இரண்டாம் மாடி.
இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர்.
கண்ட்ரோல், ஆல்ட், எஃப் ஏழு என்றால் நான்;
எஃப் எட்டு, மர்ஜானா.

கோபித்துக்கொண்டு ஓசூர் போய்ப் பத்தொன்பது நாள்.
லாக் அவுட் செய்யவில்லை.
என் ஜிஎஸ்டி கட்டங்களுக்கு அடியில்
அவளுடைய ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.
ஃபேன் இரைச்சலில் தெரியும்.

அணைக்கப் போனால் கேட்கிறது:
இன்னொருவர் உள்ளே இருக்கிறார், பரவாயில்லையா?
வேண்டாம் என்கிறேன், தினமும்.
ஈபி பில் ஏறினால் ஏறட்டும்.

நேற்று எஃப் எட்டை அழுத்தினேன்.
பூட்டிய திரை, அவள் பெயர்,
கடவுச்சொல்லுக்குத் துடிக்கும் கோடு.
வாடகைப் பேச்சில் நான் சொன்னதற்கு
மன்னிச்சிடு என்று அடித்தேன்.
அத்தனையும் கறுப்புப் புள்ளிகள்.
தவறு, மீண்டும் முயலவும்.

கீழே தண்ணீர் லாரி ஹாரன்.
திரையை அப்படியே விட்டுவிட்டு
இரண்டு குடங்களையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.