பூஜ்யத்துக்கு ஒரு ஜன்னல்

ஸ்டேஷன் எதிரில் நிலம் வீடு விற்கிற ஒகுமுரா
காலுறையோடு எங்கள் வீட்டைச் சுற்றி வந்தான்.
சமையலறைத் தரையை ஒரே இடத்தில்
இரண்டு முறை மிதித்துப் பார்த்தான்.
குளியலறைக் கதவு அவனுக்கும் பாதியில் நின்றது.
பிறகு மடித்த காகிதத்தை இரு கையாலும் நீட்டி
குனிந்து வணங்கிவிட்டுத்தான் சொன்னான்:
நிலம் முப்பத்தெட்டு லட்சம் யென்.
வீடு, பூஜ்யம்.

நாற்பத்தொரு வருஷத்து மரவீடு.
கார் மாதிரிதான், வயதாக ஆக இறங்கும்.
இறங்கும் என்று தெரியும்.
தரை தட்டினால் நின்றுவிடும் என்றிருந்தோம்.
நிற்கவில்லை.
வாங்குகிறவன் இடிப்பான், இடிக்கக் கூலி பதினேழு லட்சம்,
அதை நிலத்தில் கழிக்கவேண்டும் என்றான்.
ஆக, பூஜ்யத்துக்கும் கீழே ஒரு மாடி இருக்கிறது.
அங்கேதான் நாங்கள்
குடியிருக்கிறோம்.

குளிர்பதனப் பெட்டியில் காந்தம் பிடித்துத் தொங்குகிறது
தச்சர் இனாபா அக்டோபரில் எழுதித் தந்த மதிப்பீடு.
கூரைத் தகடு ஒன்பது லட்சம்.
இரட்டைக் கண்ணாடி ஜன்னல் பத்து, பதினான்கு லட்சம்.
குளியலறைக்கு எதிரே எண் இல்லை,
'சுவரைத் திறந்து பார்த்துச் சொல்கிறேன்.'
அந்தப் 'பார்த்து' என்ற சொல்லுக்குத்தான்
எனக்குத் தூக்கம் போனது.

சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம், என்றார் குனியோ.
அவர் சொன்னது வேறு வார்த்தையில், அர்த்தம் இதுதான்.
படகு எஞ்சின்களோடு முப்பது வருஷம் கழித்தவர்,
எதைப் பழுது பார்ப்பது, எதைக் கடலில் தள்ளுவது
என்று தெரிந்தவர்.

நான் வேறு கணக்குப் போட்டேன்.
விற்கிற விலையை விடுங்கள்.
பாத்திரத் துணி தொட்டியோடு உறைந்து ஒட்டுகிற,
அரிசி கழுவும்போது என் மூச்சு எனக்கே தெரிகிற
காலைகளை எண்ணுங்கள்.
வருஷத்துக்கு நூற்றைம்பது.
இருபது குளிர்காலம். மூவாயிரம் காலைகள்.
பதினான்கு லட்சத்தை வகுத்தால்
நானூற்று அறுபத்தேழு யென்.
துறைமுகத்தில் ஒரு காபி.

கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:
'இருபது என்று யார் சொன்னது?'

அதை அவர் பக்கம் தள்ளினேன்.
நீங்களே போடுங்கள்.
ஒரு விரல் வைத்தால் இரண்டு பொத்தான் அமுங்கும் கை.
எதையோ அடித்தார். பார்த்தார்.
அழித்தார்.
எத்தனை போட்டீர்கள் என்று
நான் கேட்கவில்லை.
எதிர்வீட்டுக் கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது,
யாரோ மூட்டையை இறக்கிவைத்த சத்தத்தோடு.
அங்கே ஆள் இல்லாமல் ஆறு வருஷம்.

விடிந்தபோது ஒகுமுராவின் காகிதத்தின் பின்பக்கம்
பென்சிலில் ஓர் அகலம், ஓர் உயரம்.
'ஒன்று மட்டும்' என்றார்.
'கடல் தெரியுமே, முன்னறை ஜன்னலா?'
'நீ அரிசி கழுவுகிற இடம்.'

லாபமா என்று கேட்டால் இல்லை.
இனாபா பழைய சட்டத்தை நெம்பி எடுத்ததும்
ஒரு மணி நேரம் அங்கே வெறும் ஓட்டைதான் இருந்தது.
காய் நறுக்கும் பலகைமேல் பனி வந்து உட்கார்ந்தது.
கோட்டு போட்டுக்கொண்டு இருவரும்
அதன் வழியாக
எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாலையில் சமையலறை மட்டும்
வேறு ஊர் மாதிரி இருந்தது.
இனாபா கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார்.
பழைய ஜன்னலை என்ன செய்ய?
தூக்கிப் போட்டால் மூவாயிரம் யென் ஆகும் என்றார்.

வாசல் சுவரில் சாத்தி வைத்திருக்கிறோம்.
பனி அதன் கண்ணாடியில் பாதிவரை ஏறிவிட்டது.
இன்னும் முடிவு செய்யவில்லை.