பயிற்சி நான்கு: மூட்டை

அரை மூட்டை மாவு.
கீழ்மூலை இரண்டும் கால், மேல்மூலை இரண்டும் கை
என்று வைத்துக்கொள்ளலாம்.
முகம் போடக் கூடாது.
நாற்பத்தெட்டு ஃபிரேமுக்குள்
அதற்கு வெசனம் வர வேண்டும்.
வெள்ளிக்கிழமைக்குள்.

வகுப்பில் இருபத்தாறு மூட்டைகள்
ஒரே மாதிரி குனிந்து அழுதன.
என்னுடையது கொஞ்சம் கூடுதலாகவே குனிந்தது.
பிரின்ஸி மேடம் நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி ஓட்டி,
"தலை தொங்குது, சரி.
மூட்டைக்குத் தலை எந்தப் பக்கம்?" என்றார்.
ரிஸ்வானா சிரித்தது
இன்னும் என் ஹெட்போனுக்குள் கேட்கிறது.

பெருந்துறை ரோட்டில் பஸ் ஏறி
ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போனேன்.
மளிகைக் கடையில் மூட்டை சும்மா சாய்ந்திருக்கும்.
இங்கே ஏலத்துக்கு நிற்கிறது, வாய் தைத்து.

குத்தூசியோடு ஒருவர் வருகிறார்.
ஒரு குத்து, ஒரு திருகு.
நாலு விரலி உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது.
ஒன்றை ஒடித்து, ஒடிந்த இடத்தின் நிறம் பார்க்கிறார்.
கட்டை விரலால் ஓட்டையைத் தேய்க்க
சணல் மூடிக்கொள்கிறது.
அடுத்த மூட்டை.

போனில் மெதுவாக்கி எண்ணினேன்.
ஊசி வெளியேறி எட்டு ஃபிரேம் கழித்துத்தான்
மூட்டை குலுங்குகிறது.
வெளியே கை இல்லாததற்கு
உள்ளே ஆயிரம் விரலி.
ஒன்று போன இடத்துக்கு ஒன்று
மெல்ல நகர்ந்து உட்காருகிறது.

"மூட்டையப் போயி எதுக்குக் கண்ணு படம் புடிக்கறே?"
தலையில் துண்டைச் சும்மாடு சுற்றியபடி ஆறுச்சாமி கேட்டார்.
"காலேஜுல குடுத்த வேலைங்க."
"தூக்கற ஆளப் புடிக்க மாட்டியா?"
"ஆளு அடுத்த செமஸ்டருங்க."
மண்டியே திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

இரவு மூன்று மணி. லேப்டாப் விசிறி அரைத்துக்கொண்டிருந்தது.
குனிந்த மூட்டையை அழித்தேன்.
நேராக நிற்க வைத்தேன்.
முதல் குத்துக்கு அது ஒன்றும் செய்யவில்லை,
எட்டு ஃபிரேம் கழித்து லேசாக ஒரு சரிவு.
இரண்டாவது குத்தை நான் வரையவே இல்லை.
அதற்கு முன்னாலேயே
இடுப்புப் பக்கம் ஒரு மடிப்பு உள்வாங்குகிறது,
இத்தினியூண்டு.

மேடம் மூன்று தடவை ஓட்டினார்.
ஏசி சத்தம் மட்டும்.
"எதைப் பார்த்து ஒடுங்குது?"
"திரைக்கு வெளியில இருக்குங்க மேடம்."
பத்துக்கு ஏழு.
மாவு மூட்டைக்கு எதற்கு மஞ்சள் நிறம் என்று
மூன்றைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வீடியோவை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.
கடைசியில், ஓரத்தில்,
இரண்டு கால்கள் உள்ளே வருகின்றன.
மேலே ஏதோ இறங்குகிறது, அது தெரியவில்லை.
இடது முட்டி மடங்கி
நிமிர்வதற்குள்
பதினேழு ஃபிரேம்.