பதினாலு

தை மழை நெய் மழை என்றவன்
அறுவடைக்கு நாள் வைத்தவனாய் இருக்கமாட்டான்.
தம்பலகாமத்தில் எங்கள் வட்டைக்குப்
பதினொரு நாள் நெய் ஊற்றியது.
கதிர் படுத்தது. படுத்த கதிர் தண்ணீர் குடித்தது.
குடித்து, தாளில் இருந்தபடியே முளைத்தது,
மணிக்கு மணி
வெள்ளையாய், பொடியாய்,
நெல்லுக்குப் பால்பல் வந்ததுபோல.

வெட்டு மெசினோடு பொலன்னறுவையிலிருந்து வந்த ரூபசிங்க
வரம்பில் நின்று குச்சியால் சேற்றைக் குத்திப் பார்த்தான்.
பேசிய விலையை மறந்து
வேறொன்று சொன்னான்.
மூன்றாம் வயலில் செயின் புதைந்தது.
மஹ்ரூப் நானாவின் இரண்டு ட்ரக்டரும் இழுத்து
அதை மேட்டில் ஏற்ற இரவு ஒன்பது.
லைட் வெளிச்சத்தில் தூறல் சாய்வாய்த் தெரிந்தது.
ரூபசிங்க தலையில் ஷொப்பிங் பையைக் கட்டிக்கொண்டு
எங்களைவிட அதிகமாய் வானத்தைத் திட்டினான்,
சிங்களத்தில், ஆனால் விளங்கியது.

எழுபத்திரண்டு மூடை. எல்லாம் ஈரம்.
படங்கு நாலு.
ரோட்டுக் கரையில் விரித்த கை காயுமுன்
அள்ளு, மூடு, விரி, அள்ளு.
மூடைக்குள் கை விட்டால் சுட்டது,
காய்ச்சல்காரப் பிள்ளையின் அக்குள் மாதிரி.

சித்திரவேலுக்குத்தான் அந்த யோசனை:
கண்டி வீதியில் புதுக் கலியாண மண்டபம்,
இருபத்தெட்டு ஃபேன்.
பொறுப்பாயிருந்த ஞானாம்பிகை கணக்குச் சொன்னார்.
கரண்ட் காசு தனி.
செருப்போடு ஏறக் கூடாது.
மேடையில் நெல் படக் கூடாது.
சாப்பாடு எத்தனை பேருக்கு என்று
பழக்கத்தில் கேட்டு, பிறகு தானே சிரித்தார்.

மேடையில் போன கிழமைக் கலியாணம் கழற்றப்படவில்லை.
ரெஜிபோம் எழுத்தில் இரண்டு பெயர்,
மாப்பிள்ளைக்கு ஓர் எழுத்து விழுந்திருந்தது.
இரண்டு சிங்காசனமும் வெறுமையாய்ப் பார்த்திருக்க
இரவெல்லாம் நடந்தோம்,
ஏழு பேர், ஒருவர் பின் ஒருவர்,
காலைத் தூக்காமல், நெல்லை அளைந்து அளைந்து
சுவர்வரை போய்த் திரும்பி.
கதைத்ததெல்லாம் கடன்:
எவர் சங்கிலி எந்த வங்கியில்,
உரக்கடைக்கு இன்னும் எவ்வளவு,
முளைத்தது மழைச் சேதமா வெள்ளச் சேதமா என்று
காப்புறுதிக்காரன் படிவத்தில் தேடிய கதை.
வாசல் பக்கத்து ஃபேன் ஒன்று கிறீச்சிடும்.
அதன் கீழ் வரும்போது மட்டும்
எல்லாரும் வாய் மூடினோம், ஏனென்று தெரியாது.

நடுச்சாமத்தில் யோகராணி
குதிக்காலை அழுத்தி நின்றாள்.
"இன்னும் பதினெட்டு" என்றாள்.

விடிய யாவாரி வந்து ஈரமானியைக் குத்தினார்.
பதினேழு தசம் எட்டு.
சபைக்குப் பதினாலு வேணும்.
யாவாரிக்குப் பதினாலு தேவையில்லை,
நாங்கள் பதினாலில் இல்லை என்பது போதும்.
ஈரத்துக்குக் குறைத்தார். முளைக்குக் குறைத்தார்.
மூடைக்கு இரண்டு கிலோ கழிவு என்றார், எதற்கென்று சொல்லாமல்.
சித்திரவேல் தன் முப்பதையும் ஏற்றிவிட்டான்.
லொறி போன பிறகும் வாசலில் நின்றான்,
காசை எண்ணவில்லை.
நான் ஏற்றவில்லை.
வீம்பு என்று சொல்லலாம்.
இன்னும் ஓரிரவு கேட்டேன்.

ஞானாம்பிகை கலண்டரைப் பார்த்தார்.
ஞாயிறு கலியாணம்,
சனி மத்தியானம் நிலம் துடைக்கவேணும், அதுவரை சரி.
போனவர் திரும்பி வந்தார்.
"நிறைகுடத்துக்குக் கீழ பரப்ப ஒரு கொத்து நெல் தாங்கோ.
பாத்துத் தாங்கோ. முளைக்காததா."

யோகராணி ஒன்றும் சொல்லவில்லை.
குந்தியிருந்து பொறுக்கத் தொடங்கினாள்,
ஒவ்வொரு மணியாய் வெளிச்சத்துக்குப் பிடித்து,
பல் உள்ளதை இந்தப் பக்கம்,
இல்லாததைக் கொத்துக்குள்.

கூரைத் தகரத்தில் மறுபடி தட்டத் தொடங்கியது.
ஒருவரும் நிமிரவில்லை.
கொத்து அரைவாசி நிறைந்திருந்தது.