ஓரத்தை வெட்டாமல்

தோஹாவில், தரைக்கு இரண்டு தளம் கீழே
பழைய பக்கங்களைப் படம் பிடிக்கும் வேலை எனக்கு.
பதினெட்டு டிகிரிக் குளிர்.
பென்சில்கூடக் கொண்டுபோகக் கூடாது.
மஸ்கட் வீடொன்றின் பெட்டியிலிருந்து
இன்று வந்த புத்தகத்துக்கு அட்டை இல்லை.
பட்டியலில் இப்படி: கல்லச்சு,
ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகள், மொழி அரபி,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அரபி இல்லை.
ழகரத்துக்குப் புள்ளி கூட்டி
அரபி உடுப்பில் நடக்கிற தமிழ்.
மத்ரசாவில் நான் பாதியில் விட்ட எழுத்து.
முதல் வரியில் தட்டுத் தடுமாறினேன்,
மூன்றாம் வரியில் காயல்பட்டினமே பேசியது.

கப்பலேறிப் போன வணிகன்,
கரையில் அவன் மனைவி.
புலவர் அவளை நாற்பது பாட்டு அழ வைக்கிறார்.

ஓரத்தில், நாணல் பேனாவால், சாய்வாக
இன்னொரு கை:
"நாற்பது பாட்டா?
அதுவரை கிட்டங்கிச் சாவி யாரிடம்?"

சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேசை பிமலா நிமிர்ந்து பார்த்தாள்.

அடுத்த பக்கம்:
"மத்ரா துறையில் பேரீச்சை முந்நூறு மூட்டை இறங்கிய நாள்
இவர் பஸ்ராவில். நான்தான் எண்ணினேன்.
இரண்டு குறைந்தது.
அழவில்லை, சண்டை போட்டேன்."

இன்னும் தள்ளி:
"இந்த உவமை எனக்கு முன்பே தோன்றியது.
என் ஏட்டில் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை."
கீழே ஒற்றை எழுத்தில் கையொப்பம்: மீம்.
மீராளா, மரியமா,
அந்த ஏடு எந்தப் பெட்டியில், எந்தக் கடலில்?

குழந்தை சாகிற இடத்தில் மட்டும்
"இதை இனிப் படிக்க மாட்டேன்" என்று ஒரு வரி.
புத்தகத்திலேயே விரல் அழுக்கு அதிகம்
அந்தப் பக்கத்தின் முனையில்தான்.

மேற்பார்வையாளர் ஹிஷாம் வந்து நிற்கிறார்.
ஓரம் வேண்டாம், அச்சு மட்டும் போதும்,
சட்டத்தைச் சுருக்கு.
சரி என்றேன்.
சுருக்கவில்லை.

மீம், ஒரு விஷயத்தில் உன்னோடு எனக்கு ஒத்துப்போகாது.
போன மார்ச்சில், மகனின் காது அறுவைக்கு
லீவு கிடைக்காத அன்று
மேல்தளக் கழிப்பறையில்
குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
நாலு நிமிஷம்.
பிறகு இறங்கி வந்து
முப்பத்தாறு பக்கம் முடித்தேன்.
சாவி என் இடுப்பில்தான் இருந்தது.
ஆனாலும் அழுதேன், எழுதிக்கொள்.

வக்ரா பேருந்து ஆறு பத்துக்கு.
உன் வரிக்குக் கீழே
கட்டைவிரல் அகலம் வெற்றிடம் இருக்கிறது.
பென்சில் இல்லை.